டென்வரில் மகள் வீட்டு முற்றத்துக்கு ஓக் மரம்: வறட்சியையும் பனியையும் தாங்க எந்த இனம், எப்படி நடுவது?

ஓய்வுபெற்ற வெளிக்காட்டுக் கிராணி, சுங்கை சிப்புட்

அனைவருக்கும் வணக்கம். என் மகளும் மருமகனும் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், டென்வர் நகரை ஒட்டிய பகுதியில் வீடு வாங்கிக் குடியேறியிருக்கிறார்கள். வீட்டு முற்றத்தில் நிழல் தந்துகொண்டிருந்த ஆஷ் மரத்தைப் போன கோடையில் வெட்ட வேண்டியதாயிற்று. பட்டைக்குள் புழுவாக வளர்ந்து ஆஷ் மரங்களைக் கொல்லும் ஆசியப் பச்சை வண்டு அந்த மாநிலத்தில் 2013-ஆம் ஆண்டு போல்டர் நகரில் முதலில் தென்பட்டு, பிறகு சுற்றுவட்டாரத்துக்கும் பரவியதாம். காலியான இடத்தில் ஓக் மரம் வைக்க வேண்டும் என்பது மகளின் ஆசை. அது வறட்சியைத் தாங்கும் இனமாக இருக்க வேண்டும் என்பது தண்ணீர்க் கட்டணத்தைப் பார்த்துப் பழகிய மருமகனின் நிபந்தனை.

வருகிற செப்டம்பரில் நான் அங்கே போய்க் குளிர்காலம் முடியும்வரை தங்கப் போகிறேன். பால்மரம் (ரப்பர்) நட்டுப் பழகிய முறையிலேயே ஒரு திட்டம் வைத்திருக்கிறேன். கடையில் கிடைக்கும் கன்றுகளில் உயரமானதாகப் பார்த்து வாங்கி, ஆழமாகக் குழி வெட்டி, குழியில் பாறைப் பாஸ்பேட் போட்டு, மேல்மண்ணால் நிரப்பி நட்டுவிடலாம். வறட்சி தாங்கும் மரம் என்பதால் வேர் பிடிக்கும்வரை சில வாரங்கள் நீர் ஊற்றினால் போதும், பனிக்காலத்தில் அதைத் தொடவே வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். எனக்கு மரம் தெரியும், பனி தெரியாது. குளிர்நாட்டில் மரம் வைத்த அனுபவம் உள்ளவர்கள் இந்தத் திட்டத்தில் ஓட்டை இருந்தால் சொல்லுங்கள்.

செம்பனைக்காரன்

ஐயா, தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஓக் மரம் நிழல் தருவதற்குள் உங்கள் பேரப்பிள்ளைகளுக்குக் கல்யாணம் ஆகிவிடும். செம்பனை மூன்றாம் ஆண்டில் குலை தள்ளுகிறது. நமக்கு அந்த வேகம்தான் பழக்கம். விரைவாக வளரும் வேறு மரம் எதையாவது வைத்துவிட்டு, அந்தப் பணத்தில் ஒரு பந்தல் போடச் சொல்லுங்கள்.

கொலராடோவில் இருக்கும் சுங்கைப் பையன்

ஐயா, நானும் நம் ஊர்தான். இப்போது டென்வருக்கு வடக்கே இருக்கிறேன். செம்பனைக்காரன் அண்ணன் சொல்வதில் பாதி உண்மை. ஆனால் இங்கே விரைவாக வளரும் மரங்களில் பல, கிளையில் இலை நிற்கும்போதே விழும் ஈரப் பனியின் பாரத்தில் முறிந்து வீட்டுக் கூரையில் விழுகின்றன. மெதுவாக வளரும் ஓக்கின் கட்டை உறுதியானது. ஆகவே மகளின் தேர்வில் குறை இல்லை. திட்டத்தில்தான் சிலவற்றை மாற்ற வேண்டும்.

முதலில் வானிலையைச் சொல்கிறேன். டென்வர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மழையும் பனியும் சேர்ந்து ஆண்டுக்குச் சுமார் 370 மில்லிமீட்டர்தான் கிடைக்கும். மலேசியத் தீபகற்பத்தின் சராசரி ஏறத்தாழ 2,500 மில்லிமீட்டர் என்பதோடு அதை வைத்துப் பாருங்கள். குளிர்காலத்தில் சில இரவுகள் சுழியத்துக்குக் கீழே 20 பாகை, சில ஆண்டுகளில் அதற்கும் கீழே இறங்கும். ஆனால் அதே மாதத்தில் மலையிலிருந்து சினூக் என்னும் வெதுவெதுப்பான காற்று இறங்கி, இருந்த பனியை உருக்கி, மண்ணையும் உலர்த்திவிட்டுப் போய்விடும். குளிர் ஓக்கைக் கொல்வது அரிது. புதிதாக நட்ட கன்றுகளில் நிறையப் போவது இந்தக் குளிர்கால உலர்வினால்தான்.

இரண்டாவது மண். நம் பக்கத்து மண் அமிலத் தன்மை உடையது; அதைத் தணிக்கச் சுண்ணாம்பு தூவுகிறோம். இங்கே அதற்கு நேர் எதிர். பெரும்பாலும் களிமண், சுண்ணாம்பு நிறைந்தது, காரகாடித்தன்மை (pH) 7.5-இலிருந்து 8 வரை இருப்பது சாதாரணம். இப்படிப்பட்ட மண்ணில் இரும்புச் சத்து இருந்தாலும் கரையாது. கரையாததை வேர் உறிஞ்ச முடியாது. பின் ஓக் என்ற இனத்தைப் பழைய குடியிருப்புகளில் நிறைய நட்டிருக்கிறார்கள். இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும்; ஆண்டுக்கு ஆண்டு இலை சிறுத்து, ஓரம் கருகி, உச்சிக் கிளைகள் காய்ந்துகொண்டே வரும். அந்த மரத்துக்குத் தண்ணீர் குறைவில்லை, குளிரும் ஒத்துக்கொண்டது. ஒத்துக்கொள்ளாதது மண் மட்டுமே. எனவே இனத்தைத் தேர்ந்தெடுக்கும்போது வறட்சியைப் பற்றிக் கேட்பதற்கு முன் சுண்ணாம்பு மண்ணைத் தாங்குமா என்று கேளுங்கள்.

அதற்கு எளிய சோதனை உண்டு. முற்றத்து மண்ணில் ஒரு கரண்டி எடுத்து நன்றாகக் காயவைத்து, அதன்மேல் சமையலறைக் காடியை (வினிகர்) சில துளி விடுங்கள். நுரைத்தால் மண்ணில் தனிச் சுண்ணாம்பு இருக்கிறது என்று பொருள். அப்படிப்பட்ட மண்ணில் கந்தகத்தைக் கொட்டி அமிலமாக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். போடும் கந்தகத்தைச் சுண்ணாம்பு விழுங்கிக்கொண்டே இருக்கும்.

என் பரிந்துரை பர் ஓக். தாவரவியலில் குவெர்கஸ் மேக்ரோகார்ப்பா என்பார்கள். கனடாவின் மானிட்டோபாவிலிருந்து டெக்ஸாஸ் வரை பரவியுள்ள புல்வெளி நாட்டு மரம் அது. தடித்த பட்டையால் புல்வெளித் தீயையே தாங்கி நிற்கும். கார மண்ணைப் பெரும்பாலான ஓக்குகளைவிட நன்றாகப் பொறுத்துக்கொள்ளும். இருநூறு முந்நூறு ஆண்டுகள் வாழும். சிங்கப்பின் ஓக்கும் சுண்ணாம்பு மண்ணில் வரும். ஆனால் கடுங்குளிரில் பர் ஓக் அதைவிட உறுதியானது.

உயிரியல் ஆசிரியை

தம்பி மண்ணைப் பற்றி எழுதியதோடு வேரைப் பற்றியும் சேர்க்க விரும்புகிறேன். வறட்சி தாங்கும் மரம் என்று ஓர் இனத்தைச் சொல்லும்போது, ஊன்றி நின்றுவிட்ட மரத்தைத்தான் அப்படிச் சொல்கிறோம். கடையிலிருந்து வந்த கன்றுக்கு அந்தப் பட்டம் பொருந்தாது. பர் ஓக் வறட்சியைத் தாங்குவது முதன்மையாக அதன் ஆணிவேரால். விதையிலிருந்து முளைத்த கன்றின் வேர் முதல் பருவம் முடிவதற்குள் 1.37 மீட்டர் ஆழம் வரை இறங்கியிருந்ததாக அமெரிக்க வனத்துறையின் மர இயல் தொகுப்பு பதிவு செய்திருக்கிறது. அந்தப் பருவத்தில் மண்ணுக்கு மேலே தெரிவது ஒரு சாண் செடிதான். ஓக் மெதுவாக வளர்கிறது என்பவர்கள் அந்த ஒரு சாணை மட்டும் பார்த்துச் சொல்கிறார்கள்.

தொட்டியில் வளர்ந்த கன்றிலோ அந்த ஆணிவேர் அடியில் முட்டிச் சுருண்டிருக்கும், அல்லது வெட்டப்பட்டிருக்கும். ஐயா வாங்க நினைக்கும் உயரமான கன்றுக்கு இலைப்பரப்பு அதிகம், வேர் குறைவு. ஊன்றிக்கொள்ள அதற்கே அதிக ஆண்டுகள் பிடிக்கும். ஆகவே கொட்டையையே நேரடியாக மண்ணில் ஊன்றலாமே என்பது என் யோசனை. செப்டம்பரில் போகிறீர்கள், பர் ஓக் கொட்டை ஆகஸ்டு முதல் நவம்பர் வரை உதிரும். காலம் கச்சிதமாகப் பொருந்துகிறது.

ஒரு எச்சரிக்கை மட்டும். ஓக் கொட்டையை நெல்லைப் போலக் காயவைத்துச் சேமிக்க முடியாது. ஈரம் போனால் உயிரும் போய்விடும். நம் பால்மர விதையும் அதே வகைதான். 1876-இல் ஹென்றி விக்ஹம் பிரேசிலிலிருந்து இலண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுசென்ற ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளில் சுமார் 2,700 மட்டுமே முளைத்ததற்கு, கடல் பயணத்தில் கழிந்த வாரங்களும் ஒரு காரணம். மறு ஆண்டு சிங்கப்பூருக்கு வந்த 22 நாற்றுகளில் சில நம் பக்கத்து ஊரான கோல கங்சாரில் நடப்பட்டதை நம் பள்ளிப் பிள்ளைகள்கூட அறிவார்கள். எனவே ஐயா, பொறுக்கிய கொட்டையை அன்றே தண்ணீரில் போட்டுப் பாருங்கள். மிதப்பவற்றை ஒதுக்கிவிடலாம், அவற்றில் பலவற்றில் ஊசி முனையளவு வட்டத் துளை இருக்கும், உள்ளே கூன்வண்டின் புழு பருப்பைத் தின்றிருக்கும். மூழ்கியவற்றை ஈரத்துணியில் சுற்றிக் குளிர்பெட்டியில் வையுங்கள், அல்லது உடனே ஊன்றிவிடுங்கள்.

மலையடிவார நாற்றங்கால்

டீச்சர் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கன்று வாங்கவே கூடாது என்பது கொஞ்சம் மிகை. பாலிபேக்கில் அளவுக்கு மேல் நின்றுவிட்ட பால்மரக் கன்றை நட நேர்ந்தால் என்ன செய்வோம்? பையைக் கிழித்து, அடியில் சுருண்ட வேரை வெட்டி எறிந்துவிட்டு நடுவோம். ஓக்குக்கும் அதையே செய்யலாம். விரல் தடிமனுக்கு மேல் போகாத சிறிய கன்றாக வாங்கி, வேர்க்கட்டியைச் சுற்றி வளைந்தோடும் வேர்களைக் கத்தியால் நறுக்கிவிட்டு நட்டால் பெரிய கேடு வராது. கொட்டையை மட்டும் நம்பினால் அணில் தோண்டித் தின்றுவிட்டுப் போய்விடும். ஒரு பருவமே வீணாகும்.

கிராணி ஐயாவுக்கு இரண்டு சொல்ல வேண்டும். ஆழமான குழி வேண்டாம். அடிமரம் அகன்று வேராகப் பிரியும் இடம் தரைக்கு மேல் தெரிய வேண்டும். களிமண்ணில் அதைப் புதைத்தால் வேருக்குக் காற்றில்லாமல் போகும். குழியை ஆழத்தில் அல்ல, அகலத்தில் வெட்டுங்கள். வேர்க்கட்டியின் அகலத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு. அடுத்து, பாறைப் பாஸ்பேட்டை இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள். அது கரைவதற்கு அமில மண் வேண்டும். நம் மண்ணில் அது கரைந்து பயிருக்குப் போகிறது; தம்பி சொல்லும் மண்ணில் கல்லாகவே கிடக்கும்.

மற்றொன்று: அந்த மாநிலத்துக்கே உரிய கேம்பல் ஓக் இருக்கிறதே, அதை ஏன் யாரும் சொல்லவில்லை? மண்ணின் மைந்தன் இருக்கும்போது கனடாக்காரனை எதற்கு அழைக்க வேண்டும்?

கொலராடோவில் இருக்கும் சுங்கைப் பையன்

கேம்பல் ஓக் நல்ல கேள்வி, அண்ணன். கொலராடோ, யூட்டா, நியூ மெக்சிகோ, அரிசோனா மலைச்சரிவுகளில் தானாகவே நிறைந்து கிடப்பது அதுதான். நீர்த்தேவையில் பர் ஓக்கைவிடச் சிக்கனமானது. ஆனால் அது பெரும்பாலும் புதராகத்தான் வளரும். மண்ணுக்குள் ஓடும் தண்டிலிருந்து பக்கத்தில் புதுத் தளிர் விட்டுக்கொண்டே போய், சில ஆண்டுகளில் முற்றம் முழுவதும் தன்னுடையது என்று சொல்லும். பின்புறம் சரிவான நிலம் இருந்தால் மண்ணைப் பிடித்து நிறுத்த அதைப்போல் இன்னொன்று இல்லை. முன்முற்றத்து நிழலுக்கு அது ஆகாது. மகள் கேட்பது நாற்காலி போட்டு உட்காரும் நிழல் என்று நினைக்கிறேன்.

சிவப்பு ஓக் குழுவைச் சேர்ந்த கன்றுகளைக் கடைக்காரர் காட்டினால் வேண்டாம் என்று சொல்லுங்கள். இலையுதிர் காலத்தில் அவற்றின் நிறம் கண்ணைப் பறிக்கும் என்பது உண்மை. ஆனால் மண் சிக்கல் ஒருபக்கம் இருக்க, கெர்மஸ் என்னும் செதில் பூச்சியும் அதோடு சேர்ந்த நுண்கிருமியும் கிளை நுனிகளைக் கருக்கிப் பிசின்போல் ஒழுகவைக்கும் நோய் டென்வர், போல்டர் பகுதிகளில் அந்தக் குழு மரங்களைத்தான் பிடித்து ஆட்டுகிறது.

ஓய்வுபெற்ற வெளிக்காட்டுக் கிராணி, சுங்கை சிப்புட்

எல்லாருக்கும் நன்றி. பர் ஓக் என்பது முடிவு. நாற்றங்கால் தம்பியின் பேச்சைக் கேட்டு ஒரு சிறிய கன்றும், டீச்சரின் பேச்சைக் கேட்டு அதிலிருந்து தள்ளிச் சில கொட்டைகளும் வைக்கலாம் என்றிருக்கிறேன். எது முந்துகிறதோ அதை நிறுத்திக்கொள்ளலாம்.

ஆனால் தம்பி, குளிர்கால உலர்வு என்று எழுதியது இன்னும் எனக்கு விளங்கவில்லை. அக்டோபரில் தெளிப்பான் குழாய்களைக் காலி செய்து அடைத்துவிடுவார்களாம். இல்லாவிட்டால் உள்ளே நீர் உறைந்து குழாய் வெடிக்குமாம். அதற்குப் பிறகு பனி பெய்கிறது. பனி உருகினால் தண்ணீர்தானே? இலை இல்லாத மரத்துக்கு அதற்குமேல் எதற்குத் தண்ணீர்? நம் பால்மரம் பிப்ரவரி, மார்ச்சில் இலை கொட்டும்போது நாம் யாரும் குடம் தூக்கிக்கொண்டு போவதில்லையே.

கொலராடோவில் இருக்கும் சுங்கைப் பையன்

ஐயா, பால்மரம் இலை கொட்டும்போதும் நம் மண்ணுக்குள் ஈரம் இருக்கும். இங்கே அது இருக்காது. இங்கு விழுவது பெரும்பாலும் உலர் பனி. பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் உயரத்துக்குக் கிடந்தாலும் உருகினால் ஒரு சென்டிமீட்டர் நீர்கூடத் தேறாது. அதிலும் ஒரு பகுதி உருகாமலேயே ஆவியாகிவிடும். இலை இல்லாவிட்டாலும் மொட்டும் இளங்கிளையின் பட்டையும் காற்றில் ஈரத்தை இழந்துகொண்டுதான் இருக்கும். மண்ணுக்குள் வேர் உயிரோடு இருக்கிறது. உலர்ந்த களிமண் வெடித்து, அந்த வெடிப்பின் வழியே குளிர்காற்று இறங்கினால் மெல்லிய வேர்கள் செத்துவிடும். இதில் தந்திரம் என்னவென்றால், அந்த மரம் ஏப்ரலில் சேமித்த சத்தைக் கொண்டு இலை விட்டுவிடும். எல்லாரும் பிழைத்துவிட்டது என்று நினைப்பார்கள். ஜூன், ஜூலை வெயில் ஏறும்போது இலை திடீரென்று வாடிக் காய்ந்து தொங்கும். பழியை வெயில்மேல் போட்டுவிடுவார்கள்.

கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் வேளாண் விரிவாக்கப் பிரிவு இதற்கு எளிய விதி தந்திருக்கிறது. அக்டோபர் முதல் மார்ச் வரை, தரையில் பனி மூடாத காலங்களில் மாதத்துக்கு ஒருமுறை அல்லது இருமுறை நீர் விட வேண்டும். அடிமரத்தின் குறுக்களவு ஓர் அங்குலத்துக்குப் பத்து கேலன், அதாவது 2.5 சென்டிமீட்டர் தடிமனுக்குச் சுமார் 38 லிட்டர். காற்றின் வெப்பம் 4 அல்லது 5 பாகைக்கு மேல் இருக்கும் நாளாகப் பார்த்து, நண்பகல் வாக்கில் ஊற்றினால் இரவு உறைவதற்குள் மண்ணில் இறங்கிவிடும். மண் உறைந்திருந்தால் ஊற்ற வேண்டாம். மேலேயே பனிக்கட்டியாக நிற்கும். தெளிப்பான் அடைபட்டிருந்தாலும் தோட்டத்துக் குழாயில் ரப்பர்க் குழாயைப் பொருத்தி ஊற்றலாம். முடித்ததும் அதைக் கழற்றி உள்ளே எடுத்து வைத்துவிட வேண்டும். மண்ணின் ஈரத்தை அறிய நீளமான திருப்புளி ஒன்று போதும். கையால் அழுத்தினால் ஒரு சாண் ஆழம் இறங்க வேண்டும்; பாதியில் நின்றுவிட்டால் கீழே காய்ந்திருக்கிறது.

கோடையிலும் இப்படியே, நாளுக்கு நாள் கொஞ்சமாகத் தெளிக்காமல் இடைவெளி விட்டு ஆழமாக ஊற்றுங்கள். புல்தரைத் தெளிப்பான் தினமும் மேலாக நனைத்துக்கொண்டிருந்தால் வேருக்குக் கீழே இறங்கும் தேவையே வராது. அடியைச் சுற்றி நான்கு விரல் கனத்துக்கு மரச்சீவலைப் பரப்புங்கள்; மரத்தில் ஒட்டாமல் ஒரு கையளவு தள்ளியே இருக்கட்டும். இரண்டு மூன்று ஆண்டுகள் இந்தக் கவனிப்பு வேண்டும். அதன்பிறகு மருமகன் கேட்ட மரம் அவருக்குக் கிடைக்கும்.

லயத்து வீட்டுப் பிள்ளை

இடையில் ஒரு சின்னக் கேள்வி. பர் ஓக் கொட்டை இரண்டை ஐயா திரும்பி வரும்போது சட்டைப்பையில் போட்டு வந்தால் நாம் கேமரன் மலையில் நட்டுப் பார்க்கலாமே?

உயிரியல் ஆசிரியை

வேண்டாம், தம்பி. அனுமதிச் சீட்டு இல்லாமல் விதை கொண்டுவருவது சட்டப்படி குற்றம். கொட்டைக்குள் இருக்கும் கூன்வண்டும் கூடவே வந்து இறங்கும். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், பனிக்கால உறக்கத்துக்குப் பழகிய மரம் அது; கேமரன் மலையின் குளிர் அதற்கு ஒரு குளிரே அல்ல. ஓக் பார்க்க வேண்டுமானால் நம் மலைகளிலேயே இருக்கிறது. கேமரன் மலையின் உயரமான காடுகளை ஓக்கும் லாரல் குடும்ப மரங்களும் கலந்த காடு என்றே வகைப்படுத்துகிறார்கள். மலாய்க்காரர்கள் மெம்பெனிங் என்று அழைக்கும் மரங்கள் அந்தக் குடும்பம்தான்; காட்டுப்பாதையில் குனிந்து பார்த்தால் தொப்பி போட்ட கொட்டைகள் கிடைக்கும்.

ஐயாவுக்கு ஒன்று: இளம் ஓக் மரங்கள் சில குளிர்காலத்தில் காய்ந்த பழுப்பு இலையை உதிர்க்காமல் வைத்துக்கொண்டிருக்கும். செத்துவிட்டது என்று பிடுங்கிவிடாதீர்கள். இளங்கிளையில் நகத்தால் லேசாகக் கீறினால் உள்ளே பச்சை தெரியும்.

மலையடிவார நாற்றங்கால்

கொட்டை ஊன்றுவதைப் பற்றி யாரும் முழுதாகச் சொல்லவில்லை. படுக்கைவாட்டில், இரண்டு விரல் ஆழத்தில் வையுங்கள். அதன்மேல் அணில் பல் நுழையாத சிறுகண் கம்பிவலையைக் கவிழ்த்து, ஓரங்களை மண்ணுக்குள் புதைத்துவிடுங்கள். முளை வந்ததும் வலையை உயர்த்திக் கூண்டாக நிறுத்த வேண்டும். அங்கே முயல் தொல்லை நிச்சயம் இருக்கும், குளிர்காலத்தில் வேறு தீனி இல்லாதபோது பட்டையைச் சுற்றிலும் கடித்துவிடும். கொட்டை பொறுக்கும் தாய்மரம் டென்வர் பக்கத்திலேயே நிற்கும் மரமாக இருக்கட்டும். தெற்கே டெக்ஸாஸ் மரங்களின் கொட்டை பெரிதாக, பார்வைக்கு அழகாக இருக்கும்; குளிருக்கு வடக்கத்தி வித்துதான் நம்பகமானது. ஆடிக்குமேல் தழைச்சத்து உரம் வேண்டவே வேண்டாம். கடைசி நேரத்தில் துளிர்க்கும் தளிர் முற்றுவதற்குள் உறைபனி வந்து கருக்கிவிடும்.

ஓய்வுபெற்ற வெளிக்காட்டுக் கிராணி, சுங்கை சிப்புட்

மகளிடம் காடிச் சோதனையைச் செய்யச் சொன்னேன். கரண்டியில் சோடா ஊற்றியதுபோல் பொங்கியது என்று படம் அனுப்பியிருக்கிறாள். ஆக மண்ணைப் பற்றித் தம்பி சொன்னது அந்த வீட்டுக்கும் பொருந்துகிறது. பக்கத்துப் பூங்காவில் நன்றாகக் காய்க்கும் பர் ஓக் ஒன்று இருப்பதாகவும், கொட்டை எடுக்கப் பூங்கா அலுவலகத்தில் கேட்டுவிடுவதாகவும் சொல்கிறாள். கடைசியாக ஒன்று: வீட்டுச் சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி வைப்பது? பழைய ஆஷ் மரத்தின் அடிக்கட்டை இருந்த இடத்திலேயே குழி வெட்டலாமா?

கொலராடோவில் இருக்கும் சுங்கைப் பையன்

பழைய அடிக்கட்டையின் மேலேயே வேண்டாம், ஐயா. அரைத்த மரத்தூள் மக்கும்போது மண்ணின் தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும், தரையும் உள்வாங்கும். இரண்டு மீட்டராவது தள்ளிக்கொள்ளுங்கள். பர் ஓக்கின் கிளைவிரிவு காலப்போக்கில் இருபது மீட்டரைக்கூட எட்டலாம் என்பதால் சுவரிலிருந்து ஏழெட்டு மீட்டர் விடுவது நல்லது; தலைக்கு மேல் மின்கம்பி போகக் கூடாது. மண்வெட்டியை எடுப்பதற்குச் சில நாள் முன்பே மகளை 811 என்ற எண்ணுக்கு அழைக்கச் சொல்லுங்கள். எரிவாயு, மின்சாரக் குழாய்கள் மண்ணுக்குள் எங்கே ஓடுகின்றன என்று இலவசமாக வந்து வண்ணத்தில் குறித்துவிட்டுப் போவார்கள். அந்தக் குறிகளைப் பார்த்த பிறகு இடத்தை முடிவு செய்யலாம்.